அரிசி கழுவின தண்ணி

"இண்டைக்கு மீன் பொரிக்காதை" என்று யேசுரட்ணம் காலையில் சொன்னபோதே மெற்றில்டாவுக்கு விளங்கிவிட்டது, மனிசன் அந்த விஷயத்தில் இறங்கப்போகிறார் என்று.

பதின்மூன்று வருஷக் கலியாணத்தில் இதைச் சமை, அதைச் சமைக்காதே என்று அவர் வாய் திறந்ததில்லை. வைத்ததைத் தின்பார். உப்பில்லாவிட்டாலும் தின்பார். பேச்சும் அப்படித்தான். பேக்கரியில் இரவுவேலை முடித்து வந்தால் சப்பாத்தைக் கழற்றி, யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு கோப்பை தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் குடிப்பார். அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று மெற்றில்டா முந்தியெல்லாம் யோசிப்பாள். இப்போது அதையும் வீட்டுச் சாமான்களில் ஒன்றாக எண்ணிப் பழகிவிட்டாள்.

அவள் பருப்பும் போஞ்சியும் மட்டும் காய்ச்சினாள். அரிசியைக் கழுவி, அந்தத் தண்ணியை வழக்கம்போல ஒரு சட்டியில் ஊற்றி வைத்தாள். யன்னலோரத்தில் வளர்கிற கறிவேப்பிலைச் செடிக்கு அது ஆகும். வெளியே பெப்ரவரி மழை, விழ மனமில்லாமல் லண்டன் பிளேஸ்டோவின் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றது. மகள் றோஸ்மலர் தமிழ்ப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மெற்றில்டாவுக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரி லோண்டரியில் ஷிப்ட்.

லேஹி ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

லேஹி அயர்லாந்துக்காரர். அறுபது தாண்டின ஆள். பேக்கரியின் கொதிகலன்களையும் ஆவிக்குழாய்களையும் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் போகிற அதே கோயிலுக்கு வந்து மூன்றாம் வாங்கில் இருப்பார். போன ஐப்பசியில் பேக்கரியில் ஒன்று நடந்தது. தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போன யேசுரட்ணம் ஈஸ்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சுருக்கி, "திஸ் கோன் சவர்" என்றாராம், அது புளித்துக் கெட்டுவிட்டதென்று. சுப்பர்வைசர் மீற்றரைப் பார்த்துச் சிரித்தானாம். அன்று விடியமுன் அவ்வளவு மாவையும் அள்ளிக் கொட்டவேண்டி வந்தது. அந்த நேரம் குழாய்க்குக் கீழே மல்லாந்து கிடந்து முறுக்காணி இறுக்கிக்கொண்டிருந்தவர் லேஹி. அன்றிலிருந்து இந்தக் கறுத்த மெலிந்த மனிதனை அவர் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

போன ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி நேரம், லேஹி யேசுரட்ணத்தின் முழங்கையைப் பிடித்து ஒரு மூலைக்குக் கொண்டுபோனார். இங்கிலிஷ் போதாததால் பெர்னடெற் அக்காவையும் கூப்பிட்டார்கள். பெர்னடெற் ஊரில் கொன்வென்றில் இங்கிலிஷ் படிப்பித்தவள். இங்கே பென்சன் ஒபிசில் இருந்து கவுன்சில் வரைக்கும் எல்லாருக்கும் அவள்தான் வாய். மெற்றில்டா கட்லெட் தட்டோடு கிட்டப் போனபோது காதில் விழுந்தது ஒரு சொல்தான். விஸ்கி.

தட்டு கையிலிருந்து விழாதது மாதாவின் புண்ணியம்.

லேஹியின் மருமகனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அயர்லாந்தில் ஒரு வடிசாலை தொடங்கியிருக்கிறார்கள். வடித்துப் பார்த்தார்கள். வந்ததில் ஏதோ ஒரு பிழை. என்ன பிழையென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. யேசுரட்ணம் ஊரில் பனைச் சங்கத்துச் சாராய வடிசாலையில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர் என்று யாரோ லேஹிக்குச் சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்று மெற்றில்டா வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "நான்தான்" என்றாள் பெர்னடெற், ஒரு துளி வெட்கமில்லாமல்.

அந்தக் கிழமை முழுக்க மெற்றில்டா படுத்தும் படுக்காமலும் கிடந்தாள். எண்பத்தைந்தில் லண்டன் வந்த புதிதில் யேசுரட்ணம் குடித்த குடி அவளுக்குத்தான் தெரியும். படியில் விழுந்து கிடந்ததும், கொலரில் பிடித்து இழுத்து அறைக்குள் போட்டதும், குழந்தை கேட்டபோது அப்பாவுக்குத் தலைச்சுற்று என்று சொன்னதும். சுவரில் கோயில் கலண்டர் தொங்கியது. அதில் நூல் கட்டி ஒரு பென்சில். இப்போது அது ஷிப்ட் குறிக்க. அந்த நாட்களில் அதே பென்சிலால்தான் போத்தல் லேபிள்களில் கோடு இழுத்து வைப்பாள், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க. எண்பத்தாறு ஆனியில் ஒரு நாள், அவள் கேட்காமலே, மடு மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அவர் சொன்னார்: "இனி இந்தச் சாமானை வாயிலயும் வையன், கையாலயும் தொடன்."

அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் எட்டு மாதமும். சொன்னது சொன்னபடி. பெர்னடெற் வீட்டு நத்தார் கேக்கில் பிரண்டி இருக்கிறதென்று தொடவில்லை. இருமலுக்குக் கொடுத்த மருந்தில் அற்ககோல் என்று எழுதியிருந்ததால் போத்தலைத் திறக்கவில்லை, பத்து நாள் இருமினார். ஊசி போட ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைத்ததற்குப் பாதரிடம் போய், அது கணக்கோ இல்லையோ என்று கேட்டுவிட்டு வந்தார். கோயிலில் அது ஒரு பகிடியாகிப் போனது. மெற்றில்டாவுக்கு மட்டும் அது பகிடி இல்லை.

ஒரு மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. பெர்னடெற் முன்னுக்கும், நனைந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி லேஹி பின்னுக்கும் வந்தார்கள்.

"எடி, உன்ரை வீட்டுப் படி ஏறுறதுக்கு ஒரு பென்சன் தரோணும்" என்று மூச்சு வாங்கினாள் பெர்னடெற். "தம்பி, எழும்பாதை, இரு. இந்தாள் விடிய எட்டு மணிக்கே எனக்கு போன் அடிச்சவர், மறந்திடாதை எண்டு. கலியாணம் பேசப் போற மாதிரி சவரம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், பார்."

லேஹி எல்லாருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். காலுறைக்குள்ளிருந்து ஒரு மருந்துப் போத்தல். அதற்குள் பச்சைத்தண்ணி போல ஒன்று. மேசைக்கு நடுவில் வைத்தார்.

இந்த வீட்டுக்குள் இரண்டு வருஷம் எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் போத்தல். யேசுரட்ணம் மேசையில் இருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை மெற்றில்டா பார்த்தாள்.

"விஸ்கி மண்ணிறமெல்லே?" என்றாள். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். வாய் முந்திவிட்டது.

பெர்னடெற் கேட்டு, லேஹி சொன்னதைத் திருப்பினாள். "இது இன்னும் விஸ்கி இல்லையாம். வடிச்சு வரேக்குள்ள இப்பிடித்தானாம் இருக்கும். மரப் பீப்பாவுக்குள்ள மூண்டு வருஷம் கிடக்கோணுமாம். கிடந்தால்தான் அந்தப் பேரைச் சொல்லலாமாம், சட்டமாம். அதுவரைக்கும் பேரில்லாப் பிள்ளை."

"மூண்டு வருஷமும் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"ஓமாம். விக்கவும் ஏலாது. பூட்டிப்போட்டுச் செபம் சொல்லுறதுதானாம் வேலை."

லேஹியின் கோட்டில் சின்னதாய் ஒரு ஊசி குத்தியிருந்தது. அதில் இயேசுவின் இருதயம். மெற்றில்டா கோயிலிலும் அதைக் கண்டிருக்கிறாள். ஏதோ சபையாக்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது கேட்டாள்.

லேஹி அந்த ஊசியைத் தொட்டுக்கொண்டு சொன்னார். பெர்னடெற் கண்ணை அகலத் திறந்தாள். "ஐயோ, இந்தாள் வாழ்க்கையில ஒரு சொட்டும் குடிச்சதில்லையாம்! பதினாறு வயசில சத்தியம் செய்து குத்தின ஊசியாம். அங்க கனபேர் இப்பிடியாம். எடி மெற்றில்டா, நான் இருபது வருஷமாய் ஐரிஷ்காரர் எல்லாரும் குடிகாரர் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறன்."

"குடிக்காத ஆளுக்கு வடிசாலை என்னத்துக்கு?"

லேஹி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னதை பெர்னடெற் அவசரப்படாமல் தமிழில் சொன்னாள். லேஹியின் தாத்தா வேலை செய்த வடிசாலை அவர்களுடைய சின்ன நகரத்திலேயே இருந்ததாம். ஒரு காலத்தில் அயர்லாந்தில் ஊருக்கு ஊர் வடிசாலையாம். ஒவ்வொன்றாய் மூடப்பட்டு, இப்போது நாடு முழுக்க ஒரே கம்பெனியின் கையிலாம். தாத்தாவின் இடம் பூட்டியபோது லேஹிக்கு ஏழு வயது. அடுத்த வருஷமே பாதித் தெரு கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. "இதைக் குடிக்க இல்லையாம். திரும்ப ஒரு வடிசாலைப் புகைக்கூட்டில புகை வாறதை ஒருக்காப் பாக்கோணுமாம். அவ்வளவுதானாம்."

இப்போது எடுத்திருப்பது, அரசாங்கம் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கில் ஸ்பிரிட் வடிக்கக் கட்டிக் கைவிட்ட பழைய கட்டடமாம். செம்புப் பானையை ஒரு இடத்தில், குழாய்களை இன்னொரு இடத்தில் என்று தேடிப் பொருத்தியிருக்கிறார்களாம். தெரிந்த வேலைக்காரர் எல்லாம் செத்துவிட்டார்கள், மிச்சப்பேர் அந்தக் கம்பெனியில். வடித்ததைப் பீப்பாவில் ஊற்றிவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் பிழை தெரியும். அதுவரைக்கும் மூன்று குடும்பத்தின் வீடும் அடைமானத்தில்.

யேசுரட்ணம் முதல் தரமாக வாய் திறந்தார்.

"மூடியைக் கழற்றச் சொல்லுங்கோ அக்கா."

லேஹி கழற்றினார். யேசுரட்ணம் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, குனிந்து, போத்தல் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை நிறுத்தினார். மெற்றில்டா மூச்சுப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். அந்தக் காலத்தில் போத்தலைக் கண்டால் அது ஏறி இறங்கும்.

அது அசையவில்லை.

"இதில தெரியாது" என்றார். "ஸ்பிரிட்டின்ரை சூடு எல்லாத்தையும் மறைக்குது. உள்ளங்கையில விட்டுத் தேய்க்கோணும். சூடு பறந்துபோம். மிச்சம் நிக்கிறதைத்தான் மணக்கோணும்."

"அப்ப தேய்" என்றாள் பெர்னடெற்.

அவர் மாதா படத்தைப் பார்த்தார்.

"ஓ... தொடன் எண்டும் சொன்னனியோ? வாயில வையன் எண்டதோட நிப்பாட்டியிருக்கலாமெல்லே. ஒரு சத்தியம் செய்யேக்குள்ளையும் நீ கஞ்சத்தனம் பாக்கேல்லையடா தம்பி."

லேஹிக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை, தன் ஊசியை ஒருமுறை தொட்டார். பிறகு தன் இரண்டு கைகளையும் நீட்டினார். யேசுரட்ணம் குனிந்து மணந்துவிட்டுத் தலையை அசைத்தார். பைப் புகையிலை, இயந்திர எண்ணெய், முப்பது வருஷ இரும்பு. பெர்னடெற் தன் கையைத் தானே மணந்து பார்த்து, "எனக்குச் சித்தாலேபத் தைலம் மணக்குது எண்டு சொல்லாதை, தெரியும்" என்று மடக்கிக்கொண்டாள்.

 மழை மட்டும் யன்னல் கண்ணாடியில் வழிந்தது. மூன்று பேரில் ஒருவரும் மெற்றில்டாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் இன்றோடு இந்தக் கதை முடியும். லேஹி காலுறைக்குள் போத்தலைப் போட்டுக்கொண்டு போவார். மனிசன் திங்கட்கிழமை பேக்கரிக்குப் போவார், யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பார், ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி குடிப்பார். ஆனால் அந்தத் தெளிந்த தண்ணிக்குள் என்ன பிழை இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். பிழையைவிட, இந்த மனிசன் அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. எட்டு வருஷம் வடிசாலைக்காரனின் பெண்சாதியாய் இருந்தும் ஒருநாள் அதை அவள் கண்ணால் கண்டதில்லை.

எழும்பினாள். சிங்குக்குப் போய்ச் சவுக்காரத்தை எடுத்தாள்.

"சவுக்காரம் போடாதை" என்றார் யேசுரட்ணம், திரும்பிப் பாராமல். "அரிசி கழுவின தண்ணி இருக்கோ?"

சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டாள். தண்ணி குளிர்ந்திருந்தது. லோண்டரியின் வெளுப்புத்தூள் தின்ற கை. மடிப்பு மடிப்பாய் வெடித்திருந்தது. தேய்த்துக் கழுவி, துவாயில் துடைக்காமல் காற்றில் உலர்த்திக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் இருந்தாள்.

லேஹி அவளுடைய உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். வெடிப்புகளில் எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். கை குளிர்ந்தது, பிறகு சூடானது, பிறகு ஈரமே இல்லை.

யேசுரட்ணம் அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து, விரித்த உள்ளங்கைகளுக்குள் முகத்தை வைத்தார். கண்ணை மூடினார்.

எத்தனை நிமிஷம் என்று தெரியாது. அவருடைய மூச்சு கையில் பட்டுப் பட்டுப் போனது. வெறி கொண்ட முகத்தை அவள் அறிவாள். இது அந்த முகம் இல்லை. றோஸ்மலர் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போது நெற்றி இப்படித்தான் சுருங்கும்.

"அவிச்ச கோவா" என்றார்.

பெர்னடெற் அதைக் 'கபேஜ்' என்று மொழிபெயர்த்ததும் லேஹி விழுந்து விழுந்து சிரித்தார். "கோவா அவியிற மணம் எப்ப தொடக்கம் பிழையாம்? அவையின்ரை தாய்மாரின்ரை குசினி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அதுதானாம்!"

யேசுரட்ணம் சிரிக்கவில்லை. முகத்தைத் திரும்பவும் வைத்தார். "அதுக்குக் கீழ பழைய றப்பர். நெருப்பைக் கூட்டிப்போட்டினம், அவசரம். ஆனால் அது மட்டும் இல்லை. பானை செம்பு எண்டெல்லே சொன்னவர். பானையில இருந்து மேல போற கழுத்துக் குழாய் செம்போ எண்டு கேளுங்கோ."

கேட்டதும் லேஹியின் சிரிப்பு நின்றது. முகம் சிவந்தது. 

"ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாம்" என்றாள் பெர்னடெற் குரலைத் தாழ்த்தி. "பழைய கட்டடத்தில நல்லது ஒண்டு கிடந்துதாம். அதைப் பொருத்தினது இவர்தானாம். லண்டனில இருந்து லீவு போட்டுக்கொண்டு போய்ப் பொருத்தினவராம். எல்லாரும் கை தட்டினவையாம்."

"எழுபத்தினாலில எங்கடை இடத்தில செம்பு எடுக்க ஏலாமல் இரும்புக் குழாய் போட்டவங்கள்" என்றார் யேசுரட்ணம். இவ்வளவு நீளமாய் அவர் பேசி மெற்றில்டா கேட்டதில்லை. "ஒரு கிழமை முழுக்க இதே கோவா. செம்புதான் அந்தக் கெட்ட மணத்தைத் தன்னில பிடிச்சு வைக்கிறது. கழுத்தை மாத்தச் சொல்லுங்கோ. நெருப்பைப் பாதியாக் குறைக்கச் சொல்லுங்கோ. சரக்கு நல்ல சரக்கு. அடியில ஒரு நல்ல மணம் கிடக்கு. இந்தக் கோவா போனால் அது வெளியில வரும்."

லேஹி எழும்பி நின்று, யேசுரட்ணத்தின் கையைக் குலுக்கப் போனார். தன் கையில் சொட்டுப் பட்டிருப்பது ஞாபகம் வந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் மெற்றில்டா கேட்டாள்.

"அங்க, சங்கத்தில, நீங்கள்தான் கையில விட்டுத் தேய்ச்சுப் பாக்கிறனீங்களோ?"

"ஓம். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தரம்."

"அப்ப வீட்டுக்கு வரேக்குள்ள மணந்தது?"

"கை."

"குடிச்சிட்டு வாறீங்கள் எண்டெல்லோ நான்..."

"பன்னிரண்டு வருஷமும் ஒரு சொட்டுக் குடிக்கேல்லை. குடிச்சால் மூக்குச் செத்துப்போம். குடிக்கிறவனை அந்தப் பானையடியில விடமாட்டினம்." யன்னலைப் பார்த்தார். "எண்பத்தினாலில அந்த வடிசாலை எரிஞ்ச பிறகுதான் குடிக்கத் தொடங்கினது. இனி இந்த மூக்கு என்னத்துக்கு எண்டு நினைச்சன்."

எட்டு வருஷம் அந்தக் கையைத் தன் பக்கம் போட விடாமல் திரும்பிப் படுத்தவள் மெற்றில்டா. கலியாணமாகி இரண்டாம் கிழமை தொடங்கியது அது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

யேசுரட்ணம் உண்மையிலேயே யோசித்தார்.

"நீ கேக்கேல்லை."

பெர்னடெற் எழும்பித் தன் கோட்டைத் தேடினாள். 

போகமுன் லேஹி கேட்டுவிட்டுப் போனார். புதுக் கழுத்துப் போட்டு முதல் தரம் நெருப்பு வைக்கும்போது யேசுரட்ணம் பக்கத்தில் நிற்கவேண்டுமாம். சித்திரை மாதமாம். முதலில் ஒரு மாதம், சரிவந்தால் வேலை, வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம். தேய்க்கிறதற்கு அங்கே ஆள் வைப்பார்களாம். மணக்க மட்டும் இவர்.

"எங்கடை அகதிப் பேப்பரோட கடல் தாண்ட ஏலுமோ? திரும்பி வர விடுவினமோ?" என்றாள் மெற்றில்டா.

"அதை நான் சொலிசிற்றரிட்டைக் கேக்கிறன்" என்றாள் பெர்னடெற். "நீ முதல்ல உனக்கு ஓமோ இல்லையோ எண்டு யோசி."

யேசுரட்ணம், "அவ சொல்லட்டும்" என்றார்.

"நாளைக்குப் பூசை முடியச் சொல்லுறன்" என்றாள் அவள்.

போத்தலை லேஹி எடுத்துக்கொண்டு போகவில்லை. மூடி திறந்து காற்றுப்பட்ட பிறகு ஒரு நாள் கழித்து இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்று யேசுரட்ணம்தான் சொன்னார். அதனால் பாதிக்கு மேல் நிறைந்த போத்தல் மேசையிலேயே நின்றது. நாளை காலை பூசைக்கு முன் அவள் இன்னொரு தரம் கை கழுவவேண்டும்.

மூன்றரைக்கு மெற்றில்டா கோட்டைப் போட்டாள். யேசுரட்ணம் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தார். மகள் வர இன்னும் ஒரு மணித்தியாலம். மேசையில் அது. கதிரையில் அவர். இடையில் நாலு அடி.

கலண்டரில் தொங்கிய பென்சிலை எடுத்தாள். அவளுடைய கைக்கு அது பழகின வேலை. போத்தலை வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பிடித்து, தண்ணி நிற்கிற இடத்தில் லேபிளில் மெல்லியதாய் ஒரு கோடு. இழுத்தது தெரியாமல் இழுப்பாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தார் என்பதும் அவளுக்கு விளங்கியது.

பென்சிலால் சனிக்கிழமைக் கட்டத்தில் ஷிப்டைக் குறித்தாள். விட்டதும் அது நூலில் ஆடியது.

"சோறு மூடிக்கிடக்கு. பிள்ளை வந்தாப் போடுங்கோ. வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பஸ்ஸில் மேல்தட்டில் முன்சீற் கிடைத்தது. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பார்க்கிங் ரோட்டுக் கடைகள் எல்லாம் கலங்கி ஓடின. அவள் கையுறையைக் கழற்றினாள். சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. வலது உள்ளங்கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

கோவா மணம் போயிருந்தது. றப்பர் மணமும் போயிருந்தது. ஆனால் ஏதோ ஒன்று இன்னும் நின்றது. பாண் என்று நினைத்தாள், பாண் இல்லை. வெயிலில் காய்ந்த வைக்கோல் என்று நினைத்தாள், அதுவும் முழுக்க இல்லை. அவர் சொன்ன அந்த அடியில் கிடக்கிற நல்ல மணம் இதுதானாக்கும். பெயர் தெரியவில்லை. திரும்பவும் மணந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அவரைக் கேட்கவேண்டும்.